மறைக்க முடியாத அடையாளம்: சீக்கியச் சாதனையாளர்களிடம் ஒரு பாடம்



இந்த மாதப் பாடத்தை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டுவிட வேண்டும் என்று தோன்றியது. சென்ற ஆண்டு தொழிற்பயிற்சிக்காக ஒரு நிறுவனத்துக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனேன். காலையில் அம்மா திருநீறு பூசி, "நல்லா பேசிட்டு வாப்பா" என்று அனுப்பி வைத்தார். பதினோராவது மாடிக்கு லிப்டில் ஏறும்போது அங்கிருந்த கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன். சட்டென்று கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துவிட்டேன். துடைக்கச் சொல்லி யாரும் என்னிடம் சொல்லவில்லை. யாரும் என்னைப் பார்க்கவும் இல்லை. நானே செய்தேன்.

காத்திருக்கும் அறையில் எனக்கு முன்பே ஒருவர் உட்கார்ந்திருந்தார். வேறு பல்கலைக்கழக மாணவர், கருநீலத் தலைப்பாகை, ஒழுங்காகக் கட்டிய தாடி. பேச்சுக் கொடுத்தேன். அவரும் என்னைப் போலவே பதற்றமாகத்தான் இருந்தார். கொஞ்சம் பழகிய பிறகு, "நேர்முகத்துக்கு இப்படியே வர உங்களுக்குத் தயக்கமா இல்லையா?" என்று கேட்டுவிட்டேன். அவர் சிரித்தார். "இதைக் கட்ட எனக்குப் பத்து நிமிஷம் ஆகும் லா. லிப்டில் கழற்ற முடியாது" என்றார்.

நான் லிப்டில் செய்தது அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. ஆனால் எனக்குச் சுருக்கென்றது. அன்றிலிருந்து சீக்கியர்களைப் பற்றித் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அதில் கிடைத்த சிலரைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன். வெறும் "பெருமைக்குரியவர்கள்" பட்டியலாக இதைப் படிக்க வேண்டாம். ஒரு கேள்வியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: மறைக்க முடியாத அடையாளத்தோடு வாழ்வது ஒரு மனிதனை என்ன செய்கிறது?

1. இந்த அடையாளம் எங்கிருந்து வந்தது?

சீக்கியம் தனிச் சமயம். அதற்கென்று குருமார்களும், திருநூலும், வரலாறும் உண்டு. ஆனால் அந்த வரலாற்றில் ஓர் இடம் இந்துக்களாகிய நாம் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது.

அவுரங்கசீப் ஆண்ட காலம். தங்கள் சமயத்தை விட்டுவிடும்படி நெருக்கப்பட்ட காஷ்மீரப் பண்டிதர்கள், ஒன்பதாவது குருவான குரு தேக் பகதூரிடம் வந்து முறையிட்டார்கள் என்பது சீக்கிய மரபு. அவர்கள் பூணூல் அணிந்தவர்கள். அந்தச் சடங்கைச் சீக்கியர்கள் ஏற்பதில்லை. இருந்தும் அடுத்தவர் வழிபாட்டு உரிமைக்காக அவர் முன்னே நின்றார். 1675ஆம் ஆண்டு டெல்லி சாந்தினி சௌக்கில் அவர் தலை வெட்டப்பட்டது. கூடியிருந்தவர்களில், தானும் சீக்கியன்தான் என்று வெளியே சொல்லத் துணிந்தவர் யாரும் இல்லை என்று சொல்வார்கள். கூட்டத்தோடு கூட்டமாக நின்றால் யார் சீக்கியர் என்று எப்படித் தெரியும்?

அவருடைய மகன்தான் குரு கோவிந்த் சிங். 1699ஆம் ஆண்டு வைசாகி நாளில் அனந்தபூர் சாகிப்பில் அவர் கால்சா என்ற அமைப்பைத் தொடங்கினார். வெட்டாத முடி, சீப்பு, இரும்புக் காப்பு, குறுவாள், அரைக்கால் உள்ளாடை என்று ஐந்து அடையாளங்கள் வந்தன. ஆண்களுக்குச் சிங், பெண்களுக்குக் கௌர் என்று பொதுப் பெயரும் வந்தது. முதலில் தலை கொடுக்க முன்வந்த ஐந்து பேரும் வெவ்வேறு சாதி, வெவ்வேறு ஊர். ஒருவர் கிழக்கே பூரியிலிருந்து வந்தவர், ஒருவர் மேற்கே துவாரகையிலிருந்து, ஒருவர் தெற்கே பீதரிலிருந்து. பெயரிலிருந்து சாதி போனது. உருவத்தில் அடையாளம் வந்தது. இனிமேல் ஆயிரம் பேர் நடுவே நின்றாலும் ஒரு சீக்கியரால் ஒளிய முடியாது.

ஒரு பொறியியல் மாணவனாக இதைப் படித்தபோது எனக்கு இது ஒரு நல்ல வடிவமைப்பாகவே தெரிந்தது. தைரியமாக இரு என்று புத்திமதி சொல்வதோடு அவர் நிற்கவில்லை. பயந்து ஓட வழி இல்லாத மாதிரி அமைத்துவிட்டார்.

2. நம் ஊருக்கு வந்த கதை

நம் வீடுகளில் பெரியவர்கள் சீக்கியர்களைப் "பெங்காலி" என்றே சொல்வார்கள். மலாய்க்காரர்களும் அப்படித்தான். பஞ்சாபுக்கும் வங்காளத்துக்கும் ரொம்பத் தூரம். அப்புறம் ஏன் இந்தப் பெயர்? அவர்களில் பலர் கல்கத்தா துறைமுகத்தில் கப்பல் ஏறி வந்தார்கள், அதனால் ஒட்டிக்கொண்ட பெயர் இது.

சிங்கப்பூருக்கு வந்த முதல் சீக்கியர் என்று அறியப்படுபவர் பாய் மகாராஜ் சிங். ஆங்கிலேயரை எதிர்த்ததற்காக 1850இல் கைதியாகக் கொண்டுவரப்பட்டு, ஊட்ரம் சிறையிலேயே 1856இல் இறந்தார். மலாயாவில் 1873இல் லாருட் ஈயச் சுரங்கப் பகுதியில் கலவரத்தை அடக்க கேப்டன் ஸ்பீடி வட இந்தியாவிலிருந்து ஆள் சேர்த்து வந்தார். அந்தப் படையிலிருந்து வளர்ந்ததுதான் பின்னாளில் தைப்பிங்கில் தலைமையகம் கொண்டிருந்த மலாய் ஸ்டேட்ஸ் கைட்ஸ். பிறகு போலீஸ், காவலாளி, மாட்டுப் பால் வியாபாரம் என்று நாடு முழுக்கப் பரவினார்கள். நம் முன்னோர் தோட்டத்தில் பால்மரம் சீவிக்கொண்டிருந்த அதே காலம் அது. இரண்டு கூட்டமுமே வெள்ளைக்காரன் தேவைக்குக் கொண்டுவரப்பட்டவர்கள்தான்.

3. வானத்தில் இருவர்

ஹர்தித் சிங் மாலிக் என்ற பெயரை நான் முன்பு கேள்விப்பட்டதே இல்லை. படைத்துறை, விளையாட்டு, பொது வாழ்க்கை மூன்றிலும் பெயர் எடுத்த மனிதர். 1894இல் ராவல்பிண்டியில் பிறந்தார். பதினான்கு வயதில் இங்கிலாந்துக்குப் படிக்கப் போய், ஆக்ஸ்போர்டில் சேர்ந்தார். சசெக்ஸ் அணிக்குக் கிரிக்கெட் ஆடினார். 1914இல் முதல் உலகப் போர் வெடித்தது. கூடப் படித்த ஆங்கிலேய நண்பர்கள் எல்லாரும் அதிகாரிகளாகச் சேர்ந்தார்கள். இவருக்கு மட்டும் இடம் இல்லை, காரணம் இவர் இந்தியர்.

மனம் உடைந்து ஊருக்குத் திரும்பவில்லை. பிரான்சுக்குப் போய்ச் செஞ்சிலுவைச் சங்கத்தின் ஆம்புலன்ஸ் ஓட்டினார். பிரெஞ்சு விமானப் படை இவரைச் சேர்த்துக்கொள்ளத் தயார் என்ற நிலை வந்தது. அதைக் கேட்ட ஆக்ஸ்போர்டு ஆசிரியர், பிரெஞ்சுக்காரன் எடுத்துக்கொள்வான், நாம் மாட்டோமா என்ற கேள்வியோடு பிரிட்டிஷ் விமானப் படைத் தளபதிக்கு எழுதினார். 1917இல் மாலிக் விமானியானார்.

அடுத்த பிரச்சினை தலைக்கவசம். தலைப்பாகையைக் கழற்ற அவர் சம்மதிக்கவில்லை. அதன் மேல் பொருந்துகிற மாதிரி பெரிதாகத் தனியாக ஒன்று செய்துகொண்டார். பார்த்தவர்கள் கேலியாகப் பட்டப்பெயர் வைத்தார்கள். அவர் ஓட்டியதோ சாப்வித் கேமல் விமானம். அதில் எஞ்சின் முழுவதும் முன்னால் உள்ள விசிறியோடு சேர்ந்து சுழலும். அந்தச் சுழற்சியால் விமானம் ஒரு பக்கம் சட்டென்று திரும்பும், மறுபக்கம் மெதுவாகத்தான் திரும்பும். பயிற்சியிலேயே பல இளைஞர்களைப் பலி வாங்கிய வண்டி அது. 1917 அக்டோபர் 26 அன்று வான்சண்டையில் மாலிக்கின் காலில் குண்டு பாய்ந்தது. விமானத்தில் 400க்கும் மேற்பட்ட ஓட்டைகள். எப்படியோ தங்கள் பக்கத்து மண்ணிலேயே இறக்கிவிட்டார். காலுக்குள் இருந்த குண்டுகளைக் கடைசிவரை முழுதாக எடுக்க முடியவில்லை. அந்தக் காலோடுதான் பிறகு பல ஆண்டுகள் கோல்ஃப் ஆடினார். சுதந்திர இந்தியாவின் தூதராகக் கனடாவிலும் பிரான்சிலும் பணியாற்றினார். 1985இல் காலமானார்.

இரண்டாமவர் அர்ஜன் சிங். 1919இல் லயால்பூரில் பிறந்தவர். 1944இல் இம்பால் போர்முனையில் இந்திய விமானப் படையின் முதல் ஸ்குவாட்ரனை நடத்தி வீரப் பதக்கம் பெற்றார். 45 வயதில் விமானப் படைத் தலைவர். 1965 போரில் படையை நடத்தியவர். 2002இல் ஐந்து நட்சத்திர மார்ஷல் பதவி பெற்றார். இந்திய விமானப் படையில் அந்த நிலையை அடைந்தவர் அவர் ஒருவர்தான்.

ஆனால் அவரைப் பற்றி எனக்குப் பிடித்தது போர்க்கதை இல்லை. 2015 ஜூலையில் அப்துல் கலாமின் உடல் டெல்லி விமான நிலையத்துக்கு வந்தபோது, 96 வயது அர்ஜன் சிங் சக்கர நாற்காலியில் வந்தார். உடலின் அருகே வந்ததும் சிரமப்பட்டு எழுந்து நின்று சல்யூட் அடித்தார். ராமேஸ்வரத்துக் கலாம் இளமையில் விமானப் படை விமானியாக ஆசைப்பட்டு, எட்டு இடங்களுக்கு நடந்த தேர்வில் ஒன்பதாவதாக வந்து வாய்ப்பை இழந்தவர். அவருக்கு அந்த விமானப் படையின் மிகப் பெரிய மனிதர் எழுந்து நின்று மரியாதை செய்தார். முஸ்லிம் தமிழர் ஒருவருக்குச் சீக்கியர் ஒருவர் வைத்த சல்யூட். அந்தக் காணொளியைப் பார்க்காதவர்கள் ஒருமுறை பாருங்கள்.

4. ஓடியவரும் ஆடியவர்களும்

மில்கா சிங்கைப் படம் பார்த்துத் தெரிந்துவைத்திருப்போம். 1947 பிரிவினைக் கலவரத்தில் பெற்றோரைப் பறிகொடுத்து, அகதியாக டெல்லிக்கு வந்த சிறுவன். ராணுவத்தில் சேரப் பலமுறை முயன்று, தோற்று, பிறகே இடம் கிடைத்தது. அங்கே ஓட்டப் பந்தயத்தில் முன்னால் வந்தால் கூடுதலாக ஒரு கிளாஸ் பால் கிடைக்கும் என்பதால்தான் ஓட ஆரம்பித்ததாக அவரே சொன்னதுண்டு. 1958இல் கார்டிஃப் காமன்வெல்த் போட்டியில் 440 யார்டு தங்கம். 1960 ரோம் ஒலிம்பிக்கில் 400 மீட்டரில் நான்காவது இடம். வெண்கலம் ஒரு விநாடியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கில் போனது. அந்த ஓட்டத்தின் நேரத்தை அடுத்த 38 ஆண்டுகள் எந்த இந்தியராலும் முந்த முடியவில்லை. ஆனால் பாதியில் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தது தன் தவறு என்று கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தார். பழியை வேறு யார்மேலும் போடவில்லை.

ஹாக்கிக்கு வருவோம். பல்பீர் சிங் சீனியர் 1948, 1952, 1956 என்று மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்றவர். 1952 ஹெல்சிங்கி இறுதி ஆட்டத்தில் நெதர்லாந்துக்கு எதிராக இந்தியா போட்ட ஆறு கோலில் ஐந்து அவருடையது. 1956 மெல்பர்னில் அணித் தலைவர். விரல் எலும்பு முறிந்த நிலையில் இறுதி ஆட்டத்தில் இறங்கினார்.

இந்தக் கதையின் அடுத்த பகுதி நம் கோலாலம்பூரில் நடந்தது. 1975 உலகக் கிண்ண ஹாக்கி. இந்திய அணிக்கு மேலாளர் பல்பீர் சிங், தலைவர் அஜித் பால் சிங். அரையிறுதியில் அவர்களை எதிர்த்து நின்றது மலேசியா! 2–1 என்று நாம் முன்னிலையில் இருந்தோம். ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருந்தபோது அஸ்லம் ஷேர் கான் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் ஹர்சரண் சிங் கோல் போட, 3–2. என் தாத்தா இந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசும்போது இன்றும் குரல் உயரும். இறுதி ஆட்டத்தில் இந்தியா பாகிஸ்தானை 2–1 என்று வென்றது. இந்திய ஆண்கள் அணி வென்ற ஒரே உலகக் கிண்ணம் அதுதான். நாமும் நான்காவது இடம் பிடித்தோம்.

அஜித் பால் சிங்கின் ஊர் ஜலந்தர் அருகே உள்ள சன்சார்பூர். அந்த ஒரே கிராமத்திலிருந்து பத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒலிம்பிக்கில் ஹாக்கி ஆடியிருக்கிறார்கள். தண்ணீரில் எதையாவது கலந்தார்களா? இல்லை. பக்கத்திலேயே ராணுவ முகாம். சிப்பாய்கள் ஆடுவதைப் பார்த்துப் பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள்; பெரியவன் சின்னவனுக்குச் சொல்லிக் கொடுத்தான். திறமை ரத்தத்தில் வருகிறது என்று சொல்லித் தப்பிக்கிறோமே, அதற்கு இந்த ஊர் ஒரு நல்ல பதில். பக்கத்தில் ஒரு திடல், தினமும் வருகிற அண்ணன்மார்கள், இது இரண்டும் இருந்தால் போதும்.

5. பொது வாழ்க்கையில் இருவர்

வெளிர் நீலத் தலைப்பாகை என்றாலே மன்மோகன் சிங் ஞாபகம் வரும். 1932இல் இன்றைய பாகிஸ்தானில் உள்ள காஹ் கிராமத்தில் பிறந்தார். பிரிவினையில் குடும்பம் எல்லை தாண்டி வந்தது. படிப்பாலேயே மேலே வந்தவர். 1991இல் நிதியமைச்சராக இந்தியப் பொருளாதாரத்தின் பாதையை மாற்றினார். 2004 முதல் 2014 வரை பிரதமர்.

அவர் வாழ்க்கையில் ஒரு நாளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 1984இல் இந்திரா காந்தியை அவருடைய சீக்கிய மெய்க்காவலர் இருவர் சுட்டுக் கொன்றபின், டெல்லியில் ஆயிரக்கணக்கான அப்பாவிச் சீக்கியர்கள் கொல்லப்பட்டார்கள். அப்போது தலைப்பாகைதான் ஆளைக் காட்டிக் கொடுத்தது. உயிர் பிழைக்க முடியை வெட்டிக்கொண்டவர்களும் உண்டு. மறைக்க முடியாத அடையாளத்துக்கு இப்படியும் ஒரு விலை இருக்கிறது. அதை நாம் மறந்துவிடக் கூடாது. 2005 ஆகஸ்டில், பிரதமராக, நாடாளுமன்றத்தில் எழுந்து மன்மோகன் சிங் அந்தக் கொடுமைக்கு மன்னிப்புக் கேட்டார். சீக்கியர்களிடம் மட்டும் இல்லை, நாட்டு மக்கள் அனைவரிடமும். பாதிக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவரே அரசின் சார்பில் தலை குனிந்தார். நம்மால் முடியுமா என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொருவர் நம் நாட்டவர், கர்ப்பால் சிங். 1940இல் பினாங்கில் பிறந்தார். வழக்கறிஞர், ஜெலுத்தோங் தொகுதியில் 1978 முதல் 1999 வரை நாடாளுமன்ற உறுப்பினர். "ஜெலுத்தோங் புலி" என்று பெயர். 1987இல் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு வருடத்துக்கு மேல் தடுத்து வைக்கப்பட்டார். தூக்குக் கயிற்றின் முன் நின்ற பலருக்காக வழக்காடினார். 2005இல் ஒரு விபத்துக்குப் பிறகு சக்கர நாற்காலி. அதிலிருந்தபடியே நீதிமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் போனார். 2014 ஏப்ரலில் நெடுஞ்சாலை விபத்தில் காலமானார். அவர் அரசியல் உங்களுக்குப் பிடிக்கலாம், பிடிக்காமல் போகலாம். அவர் சொன்னதிலிருந்து பின்வாங்காதவர் என்பதை எதிரணியினரும் மறுக்க மாட்டார்கள்.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம்: கர்ப்பால் சிங் தலைப்பாகை கட்டியவர் இல்லை. எங்கள் வகுப்பில் இதைப் படித்துக் காட்டியபோது ஒரு தங்கை உடனே மடக்கினாள். "அண்ணே, அப்போ உங்க பாடமே அடிபட்டுப் போச்சே?" நல்ல கேள்வி. அதுதான் என்னை யோசிக்க வைத்தது.

6. அப்படியானால் நமக்கு என்ன பாடம்?

தொழிற்பயிற்சியில் எனக்கும் அந்தச் சீக்கிய நண்பருக்கும் இடம் கிடைத்தது. ஒரு நாள் சாப்பாட்டு வரிசையில் நான் கொஞ்சம் உள்ளே நுழையப் பார்த்தேன். அவர் வரவில்லை. "நீ வரிசை மீறினா, யாரோ ஒரு பையன் மீறினான்னு சொல்வாங்க. நான் மீறினா, பெங்காலி மீறினான்னு சொல்வாங்க" என்றார். அலுத்துக்கொண்டு சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தலைப்பாகை ஒருவரை வீரனாக்குவதில்லை. தலைப்பாகை கட்டியவர்களிலும் நல்லவர் கெட்டவர் உண்டு. அது செய்வது ஒன்றுதான்: நான் யார் என்பதை முன்கூட்டியே எல்லாருக்கும் சொல்லிவிடுகிறது. அதற்குப் பிறகு அந்தப் பெயருக்கு ஏற்றபடி நடந்துகொள்ளும் கடன் நம் மேல் விழுகிறது. மாலிக்கும் அர்ஜன் சிங்கும் அந்தக் கடனைத் தலையில் கட்டிக்கொண்டு அடைத்தார்கள். கர்ப்பால் சிங் தலையில் கட்டாமலேயே, வாக்குத் தவறாமல் அடைத்தார். அடையாளம் மட்டும் இருந்து நடத்தை இல்லாவிட்டால் அது வேஷம்.

இப்போது நான் திருநீறு பூசிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன். ஆனால் அதோடு கதை முடியவில்லை. முதல் வாரமே கூட வேலை செய்யும் ஒருவர், "இந்த வெள்ளைக் கோடு எதுக்கு?" என்று மரியாதையாகவே கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை! "எங்க சாமி வழக்கம்" என்று மழுப்பினேன். லிப்டில் துடைத்த நாளைவிட அன்றைக்குத்தான் அதிகம் வெட்கப்பட்டேன். அந்தச் சீக்கிய நண்பரிடம் கேட்டிருந்தால் 1699இலிருந்து ஆரம்பித்திருப்பார்.

வீட்டுக்கு வந்து சமய வகுப்புப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். எல்லாம் கடைசியில் சாம்பல் என்பதை நினைவூட்டுவது. ஆணவம், கன்மம், மாயை என்ற மூன்று மலங்களும் எரிந்து போக வேண்டும் என்பதைக் குறிக்கும் மூன்று கோடுகள். சின்ன வயதில் படித்ததுதான், பரீட்சையோடு மறந்துபோனது. அடுத்த நாள் நானே போய் அவரிடம் சொன்னேன். ஆணவம் எரிய வேண்டும் என்பதைப் பூசிக்கொண்டு வரிசையில் முந்தப் பார்த்தேனே என்று அப்போது உறைத்தது.

நண்பர்களே, நமக்குக் கழற்ற முடியாத அடையாளம் எதையும் யாரும் கட்டாயமாகக் கொடுக்கவில்லை. பூசலாம், துடைக்கலாம். அதனால் நம் சோதனை கொஞ்சம் கடினம் என்றே நினைக்கிறேன். ஒவ்வொரு காலையும் நாமே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

கலந்துரையாடலுக்கு

1. நீங்கள் உங்கள் சமய அடையாளத்தை மறைத்த தருணம் உண்டா? யாராவது மறைக்கச் சொன்னார்களா, நீங்களாகவே செய்தீர்களா?

2. திருநீறு, குங்குமம், கையில் கட்டும் கயிறு: இவற்றில் ஒன்றின் பொருளை இந்துவல்லாத நண்பருக்கு இரண்டு நிமிடத்தில் விளக்க முடியுமா? வகுப்பில் செய்து காட்டுங்கள்.

3. குரு தேக் பகதூர் தன் சமயத்தைச் சேராதவர்களின் உரிமைக்காக நின்றார். இன்று நம் பள்ளியில், வேலையிடத்தில் நாம் யாருக்காக அப்படி நிற்கலாம்?

4. சன்சார்பூரில் பிள்ளைகளுக்கு அண்ணன்மார்கள் சொல்லிக் கொடுத்தார்கள். நம் வட்டாரத்துத் தம்பி தங்கைகளுக்கு நீங்கள் வாரம் ஒரு மணி நேரம் எதைச் சொல்லிக் கொடுக்கப் போகிறீர்கள்?

இந்த மாதச் செயல்: அருகிலுள்ள குருத்துவாராவுக்கு நான்கைந்து பேராகப் போய் வாருங்கள். தலையை மூடிக்கொள்ளத் துணி எடுத்துச் செல்லுங்கள். லங்கரில் எல்லாரோடும் தரையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். சாப்பிட்டதும் கிளம்பிவிடாமல் தட்டுக் கழுவ உதவுங்கள். அங்கே யாராவது உங்கள் நெற்றியைப் பார்த்து ஏதாவது கேட்டால், பதில் தயாராக இருக்கட்டும்.